தயிர்த் தேங்காயின் கரு: காய்க்குள் முளைக்காதது சீசாவுக்குள் முளைத்த கதை

பின்னணி

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஒரு தோப்பு. அதில் முப்பது வயதைத் தாண்டிய நெட்டை மரம் ஒன்று. பார்வைக்கு மற்ற மரங்களைப் போலத்தான் இருக்கும். ஆனால் குலைக்கு ஒன்றிரண்டு காயை உடைத்தால் தண்ணீர் தெறிக்காது. பருப்பு கெட்டியாக ஒட்டியிருக்காமல் உள்ளே முழுக்கக் குழைந்து, தயிர் உறைந்த மாதிரி நிற்கும். தயிர்த் தேங்காய் என்பார்கள். பிலிப்பைன்ஸில் இதற்கு மகபுனோ என்று பெயர், இலங்கையில் டிகிரி பொல். பிலிப்பைன்ஸில் ஐஸ்கிரீமிலும் இனிப்புகளிலும் சேர்ப்பதால் சாதாரணக் காயைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். இந்தத் தோப்பில் அதுவரை கெட்ட காய் என்று ஓரமாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விலை விவரம் காதில் விழுந்ததும் தோப்புக்காரர் கன்று போட நினைத்தார். குலுக்கினால் சத்தம் வராத காய்களாகப் பொறுக்கி, மூன்று வருஷம் நாற்றங்காலில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட முளைக்கவில்லை, எல்லாம் உள்ளேயே அழுகிப் போயின. அப்புறம்தான் எங்களிடம் வந்தார். நாங்கள் வாழைக் கன்று உற்பத்தி செய்யும் சிறிய திசு வளர்ப்புக் கூடம், அதாவது செடியின் துணுக்கைச் சீசாவில் வளர்த்துக் கன்றாக்கும் இடம். "ஏனுங்க மேடம், வாழையைச் சீசாவுல வளத்தறீங்க. இதையும் வளத்த முடியாதுங்களா?" என்று கேட்டார்.

முடியும் என்று படித்திருந்தோம். சாதாரணக் காயில் பருப்பு இளசாக இருக்கும்போது கேலக்டோமேனன் என்ற குழகுழப்பான மாவுப்பொருள் இருக்கும். ஆல்ஃபா கேலக்டோசிடேஸ் என்ற நொதி அதிலுள்ள கேலக்டோஸைக் கழற்றிவிட, மிஞ்சும் மேனன் இறுகிப் பருப்பு கெட்டியாகிறது. தயிர்த் தேங்காயில் இந்த நொதி மிகக் குறைவு. அதனால் பருப்பு கூழாகவே நின்றுவிடுகிறது. முளைக்கும் கருவுக்கு அதிலிருந்து சாப்பாடு போய்ச் சேர்வதில்லை, அதற்குள் காய் அழுகிவிடுகிறது. ஆக, குறை பருப்பில் இருக்கிறதே தவிர கருவில் இல்லை.

இந்த வேறுபாட்டை முதலில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் தாவரவியலாளர் லைபாக். 1925இல் இரண்டு ஆளிச்செடி இனங்களைக் கலந்தபோது விதைகள் சூம்பிப்போய் முளைக்காமல் கிடந்தன. அவர் உள்ளேயிருந்த கருவை மட்டும் எடுத்துச் சர்க்கரை ஈரத்தில் வைத்தார், செடி வந்தது. தயிர்த் தேங்காயில் அதே வேலையை 1960களில் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் எமெரிட்டா டி குஸ்மான் செய்து காட்டினார். இவ்வளவும் தெரிந்திருந்ததுதான் எங்களைக் கவிழ்த்தது. பாதை போட்டிருக்கிறது, நடந்தால் போதும் என்று நினைத்துவிட்டோம்.

முதல் தொகுதி

முதல் தவணையில் 14 காய்கள் வந்தன. மட்டை உரித்து, குறுக்கே உடைத்து, கண் இருக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். தேங்காய்க்குக் கண் மூன்று இருந்தாலும் மெதுவாக இருக்கும் ஒரே கண்ணுக்கு அடியில்தான் கரு உட்கார்ந்திருக்கும். சாதாரணக் காயில் குழாய் மாதிரியான துளைப்பானை அழுத்தினால் கருவோடு ஒரு உருளைப் பருப்பு வெளியே வந்துவிடும். தயிர்க் காயில் துளைப்பானுக்குப் பிடிப்பே இல்லை. கடைசியில் சின்னக் கரண்டியால் கூழை ஒதுக்கி ஒதுக்கி எடுத்தோம். வெள்ளையாக, ஒரு சென்டிமீட்டரைவிடக் குட்டையாக, பால்பல் அளவில் இருந்தது ஒவ்வொன்றும். இரண்டு காயில் கரு ஏற்கெனவே பழுப்பாகி இருந்தது. மீதி 12.

சீசாவில் செடிக்குச் சாப்பாடாக வைக்கும் சத்துக்கூழை மீடியா என்போம். அவற்றை வாழைக்கு நாங்கள் வைத்திருக்கும் அதே மீடியாவில், அதாவது லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை போட்ட எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) என்ற பொதுவான கலவையில் வைத்தோம். விளக்கும் வாழைக்குப் போலவே பகல் முழுக்க. இதை முடிவு என்று சொல்வதுகூடச் சரியில்லை. எப்போதும் செய்வதைச் செய்தோம்.

பத்து நாளில் மூன்று சீசாவில் பூஞ்சை வந்து போயிற்று. மீதி ஒன்பதில் நடந்ததுதான் பாடம். ஐந்து கருக்கள் ஒரு முனையில் மட்டும் ஊதின. பஞ்சு போல, கண்ணாடித்தனமாக, நெல்லிக்காய் அளவுக்குக்கூட வந்தன. குருத்து மட்டும் வரவே இல்லை. ஒன்று சுற்றிலும் மீடியாவைக் கறுப்பாக்கிவிட்டுச் செத்தது. மூன்று மட்டும் மூன்றாவது வாரத்திலேயே பச்சை காட்டின. எங்கள் உதவியாளர் சீசாவைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லாருக்கும் காட்டினார், போட்டோகூட எடுத்தோம். அந்த மூன்றும் இரண்டு சென்டிமீட்டரோடு நின்றுவிட்டன. வேர் இல்லை. நான்காவது மாதம் குருத்து காய்ந்தது.

தோப்புக்காரரிடம் ஒன்றும் தேறவில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. கோபப்படவில்லை. "நம்ம நாத்தங்கால்ல அழுகுச்சு, உங்க சீசாவுல காஞ்சுருச்சுங்க" என்று மட்டும் சொன்னார்.

மணல் பாத்தியில் பார்த்தது

மறு முயற்சிக்கு முன்னால் ஒரு விஷயம் உறைத்தது. எங்களில் யாருமே ஒரு தேங்காய் முளைப்பதை உள்ளே திறந்து பார்த்ததில்லை. சீசாவில் நடப்பது சரியா தவறா என்று எதோடு ஒப்பிடுவது? அதே மரத்தின் சாதாரணக் காய்கள் பத்தை மணல் பாத்தியில் வைத்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாகப் பிளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். செலவில்லாத வேலை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரக் காயில் வெளியே ஒரு மாற்றமும் தெரியவில்லை. உள்ளே, கண்ணைத் தள்ளிக்கொண்டு சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வெள்ளை முளை மட்டைக்குள் எட்டிப் பார்த்தது. கண்ணுக்கு உட்பக்கம் தண்ணீரில் ஒரு சின்னப் பஞ்சுருண்டை தொங்கியது. ஒன்பதாவது வாரம் அந்த உருண்டை எலுமிச்சை அளவு. மட்டைக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு வெளிர் மஞ்சள் குருத்து, அடியில் நாருக்குள் நுழைந்துகொண்டிருந்த இரண்டு வேர். பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் மட்டையைத் துளைத்துக்கொண்டு குருத்து வெளியே வந்தது, வெயில் பட்ட நுனி மட்டும் பச்சையானது. பிறகு பிளந்த காய்களில் உருண்டை ஓடு நிறைய வளர்ந்து பருப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ என்று விற்கிறார்களே, அது இந்த உருண்டைதான். பெயர்தான் பூ. உண்மையில் அது கருவின் ஒற்றை வித்திலை. பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் குருத்துக்கும் வேருக்கும் அனுப்பும் உறுப்பு. பாத்தியில் மிஞ்சிய காய் ஒன்றிலிருந்து எடுத்து எல்லாரும் பங்கு போட்டுத் தின்றோம், நல்ல இனிப்பு.

சீசாவில் நாங்கள் பார்த்த ஐந்து ஊதல்களும் இதே உறுப்புதான் என்பது அப்போதுதான் புரிந்தது. காய்க்குள் அதற்கு வேலை இருக்கிறது: கெட்டிப் பருப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக்கி அனுப்ப வேண்டும். சீசாவில் சர்க்கரை தயாராகவே கிடக்கிறது, கருவின் எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே போகும். உறிஞ்ச ஒன்றுமில்லாத உறுப்பு வந்த சாப்பாட்டையெல்லாம் தானே தின்று ஊதிவிட்டது. குருத்துக்கு மிஞ்சவில்லை.

பச்சை காட்டிய மூன்றின் கதை வேறு. விதை தனக்குள் இருக்கும் கருவைச் சும்மா வளர விடுவதில்லை, பிடித்து நிறுத்தியும் வைக்கிறது. சுற்றியுள்ள சாறு அடர்த்தியாக இருக்கும். தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் "இப்போது முளைக்காதே" என்று தடுத்துக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் கரு உறுப்புகளை முடித்து, சேமிப்பை நிரப்பிக்கொள்கிறது. இளங்கருவை வெளியே எடுத்து நீர்த்த மீடியாவில் வைத்தால் இரண்டு தடையும் ஒரே நாளில் போய்விடும். கரு மிச்ச வளர்ச்சியைத் தாண்டிக் குதித்து நேராக முளைக்கப் பார்க்கும். வருவது சோனிக் கன்று. 1904இல் ஹான்னிக் என்ற தாவரவியலாளர் முள்ளங்கிக் குடும்பத்துச் செடிகளின் கருக்களை உப்பும் சர்க்கரையும் கலந்த நீரில் வளர்த்தபோதே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை சீக்கிரம் கண் திறந்தது என்று நாங்கள் போட்டோ எடுத்துக் கொண்டாடியிருக்கிறோம்.

தேங்காயை அவரை விதை, உளுந்தோடு வைத்துப் பார்க்கக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவரைக் கரு கடைசியில் நன்றாகக் காய்ந்து, உறங்கி, பிறகு ஈரம் பட்டதும் முளைக்கும். தேங்காய்க் கரு அப்படிக் காய்வதில்லை, காய்ந்தால் செத்துவிடும். ஆகவே எடுத்த கருவைக் காய வைத்து எழுப்புவது என்று ஒருவர் சொன்ன யோசனையை அங்கேயே கைவிட்டோம்.

இரண்டாம் தொகுதி: மாற்றியவையும் காரணங்களும்

முதல் மாற்றம் மரத்தடியிலேயே நடந்தது. முதல் தவணைக் காய்களுக்கு என்ன வயது என்று எங்களுக்குத் தெரியாது. ஏறியவர் கைக்கு வந்ததைப் பறித்தார். தென்னை ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை விடும், பாளை வெடித்ததிலிருந்து காய் முற்ற ஒரு வருஷம் ஆகும். ஆகவே குலையை மேலிருந்து எண்ணினாலே வயது தெரியும். மரமேறுபவரிடம் சொல்லி ஒவ்வொரு குலைக்கும் பெயின்ட் அடையாளம் வைத்து, பதினொன்றாம் மாதக் குலையை மட்டும் இறக்கினோம். இன்னும் விட்டால் உள்ளே அழுகல் தொடங்கிவிடுகிறது.

மீடியாவை ஒய்3 என்ற கலவைக்கு மாற்றினோம். 1976இல் ஈவன்ஸ் தென்னைக்கென்றே வகுத்தது அது. எம்.எஸ். கலவையில் இருப்பதில் பாதி அளவுதான் தழைச்சத்து. பொட்டாசியமும் குளோரைடும் தாராளம். தென்னங்குழியில் உப்புப் போடும் பழக்கம் நம்மூரில் எப்போதும் உண்டு, அந்த உப்பின் குளோரைடு தென்னைக்குப் பிடித்த சத்து. ஆக, கலவையைப் பார்த்ததும் தோப்புக்காரருக்கு ஆச்சரியமே இல்லை.

சர்க்கரையை லிட்டருக்கு 60 கிராமாக இரட்டிப்பாக்கினோம். இது சாப்பாட்டுக்காக மட்டுமல்ல. மீடியா அடர்த்தியானால் கருவுக்குள் தண்ணீர் திமுதிமுவென்று போகாது. காய்க்குள் இருந்த இறுக்கத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். பழுப்பேறுவதற்கு லிட்டருக்கு இரண்டரை கிராம் செயலூட்டிய கரித்தூள் சேர்த்தோம். கரு கக்கும் துவர்ப்புப் பொருளை அது பிடித்துக்கொள்ளும். மீடியா கன்னங்கரேலென்று இருப்பதால் வேர் வந்ததா என்று தெரியாமல் தவித்தது தனிக்கதை.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இருட்டு. மட்டைக்குள் குருத்து மூன்று மாதம் வெளிச்சம் பார்க்காமல்தான் வளர்ந்தது. ஆகவே சீசாக்களை அட்டைப் பெட்டியில் மூடி, 27, 28 டிகிரியில் வைத்து, குருத்து மூன்று சென்டிமீட்டர் தாண்டி வேர் முனையும் தெரிந்த பிறகுதான் விளக்கடிக்குக் கொண்டுவருவது என்று வைத்துக்கொண்டோம். பச்சை வந்ததா என்று யாரும் கேட்கக் கூடாது என்பது கூடத்தில் எழுதாத சட்டமானது.

இதில் ஒரு வாக்குவாதமும் நடந்தது. குருத்து சீக்கிரம் வர ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சேர்க்கலாம் என்றார் உதவியாளர். பல கூடங்களில் சேர்ப்பதும் உண்டு. நான் வேண்டாம் என்றேன். முதல் தொகுதியில் எங்களுக்குக் குருத்தின் வேகம் பிரச்சினையாக இல்லை, வேரில்லாத வேகம்தான் பிரச்சினை. அதேபோல இளநீரும் சேர்க்கவில்லை. 1941இல் வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் மிக இளம் கருக்களை இளநீர் சேர்த்து வளர்த்ததிலிருந்து திசு வளர்ப்பில் அதற்குப் பெரிய பெயர். ஆனால் காய்க்குக் காய் அதன் சேர்மானம் மாறும். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

இந்த முறை ஒப்பீட்டுக்கு அதே மரத்தின் சாதாரணக் காய்களிலிருந்தும் 10 கருக்களை அதே மீடியாவில் வைத்தோம்.

என்ன நடந்தது

நான்கு மாதத்தில் 31 தயிர்க் காய்கள் சேர்ந்தன. 27 நல்ல கரு கிடைத்தது. பூஞ்சையில் இரண்டு போக 25. நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை புது மீடியாவுக்கு மாற்றினோம். ஐந்தாவது மாத முடிவில் 16இல் குருத்து, அவற்றில் 13இல் வேரும் இருந்தது. சாதாரணக் கருக்கள் பத்தில் ஏழு குருத்து விட்டன. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தயிர்க் காயின் கருவுக்குக் குறையில்லை என்று படித்தது எங்கள் கண்ணெதிரே நின்றது. முதல் தொகுதி செத்ததற்குக் காயைப் பழி சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

உறிஞ்சு உறுப்பு இந்த முறையும் வந்தது. ஆனால் சுண்டைக்காய் அளவோடு நின்று, பிறகு பழுப்பாகிச் சுருங்கியது. முதலில் பயந்தோம். குருத்தும் வேரும் வந்த கன்றுகளில்தான் அது சுருங்குகிறது என்பதைக் கவனித்த பிறகு விட்டுவிட்டோம். விளக்கடிக்கு வந்தபின் சர்க்கரையை 45, பிறகு 30 கிராம் என்று படிப்படியாகக் குறைத்தோம், இலை தானே சமைக்கப் பழகட்டும் என்று.

ஹார்டனிங்கில் மறுபடி ஒரு சறுக்கல்

ஹார்டனிங் என்பது சீசாக் கன்றை வெளிக்காற்றுக்குப் பழக்குவது. மூன்று இலை வந்த ஆறு கன்றுகளை முதலில் வெளியே எடுத்தோம். மணலும் தென்னை நார்க்கழிவும் கலந்த பையில் நட்டு, வாழைக்குப் போல நிழல்வலைக்குள் புகைபோல நீர்த்தூவல் போட்டு இரண்டு வாரம். பத்தாம் நாள் இலை ஓரம் கருகியது. ஒரு மாதத்தில் ஐந்து போயின.

மணல் பாத்தியில் பார்த்ததை அதற்குள் மறந்துவிட்டிருந்தோம். பாத்தியில் முளைத்த கன்று வெளியே வந்த பிறகும் பல மாதம் உள்ளே பருப்பைத் தின்றுகொண்டிருக்கும். இலை கருகினால்கூட அதற்குப் பின்னால் ஒரு முழுத் தேங்காய் இருக்கிறது. சீசாக் கன்றுக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவில் ஒரு சுருங்கிய தோல்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, சீசாவின் ஈரக் காற்றில் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகள் சரியாக மூடத் தெரியாதவை. வாழையில் இந்த அதிர்ச்சி ஒரு வாரத்தில் சரியாகிவிடும். தென்னை அவ்வளவு சீக்கிரம் புது இலை விடாது.

மீதி ஏழு கன்றுகளை இன்னும் இரண்டு மாதம் சீசாவிலேயே வைத்து, இலையும் கிளைவேரும் கூடிய பிறகு எடுத்தோம். வேரில் ஒட்டிய அகாரை (மீடியாவை இறுக்கும் கூழ்) கழுவி, பூஞ்சைக்கொல்லியில் நனைத்து நட்டு, ஒவ்வொரு பையையும் பாலித்தீன் உறையால் முழுக்க மூடினோம். வாரத்துக்கு ஓரிரு ஓட்டையாகப் போட்டு எட்டு வாரத்தில் உறையை எடுத்தோம். பருப்பு கொடுக்க வேண்டியதை ஈடுகட்ட, வாரம் ஒருமுறை நீர்த்த சத்துக்கரைசல். ஒன்று தண்டழுகலில் போனது. அது தண்ணீர் அதிகம் விட்ட எங்கள் தவறு. ஆறு நின்றன. முதலில் வெளியே எடுத்த ஆறில் தப்பிய ஒன்றையும் சேர்த்து ஏழு கன்று.

தோப்புக்காரரிடம் சொன்னது

கன்றுகளைக் கொடுக்கும்போது இரண்டு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னோம். இந்தக் குணம் ஒடுங்கு மரபணு ஒன்றால் வருவது, தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அவருடைய தாய்மரத்தில் பாதிக் குணம்தான் இருக்கிறது, அதனால் குலைக்கு ஓரிரண்டு காய். தயிர்க் காயின் கருவிலிருந்து வந்த கன்று முழுக் குணம் கொண்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பருப்பு உருவாவதில் மகரந்தத்துக்கும் பங்கு உண்டு. பக்கத்துச் சாதாரண நெட்டை மரத்தின் மகரந்தம் விழுந்தால் காய் சாதாரணக் காயாகவே வரும். ஏழையும் ஒன்றாக, மற்ற தென்னைகளிலிருந்து தள்ளி நட வேண்டும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரனையும் மரம் வெட்டச் சொல்லோணுங்களா?" என்று சிரித்தார். கடைசியில் மாந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு காலியிடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

அடுத்த முறை என்றால்

காய் உடைப்பதற்கு முன் விதை முளைப்பதைப் பிளந்து பார்ப்பேன், எந்தப் பயிரானாலும். முதல் தொகுதியிலேயே சாதாரணக் கருக்களை ஒப்பீட்டுக்கு வைப்பேன். அது இல்லாததால் நான்கு மாதமும் 14 காயும் வீணாயின. ஜிப்ரலிக் அமிலம் வேண்டாம் என்ற என் பிடிவாதத்தைச் சோதிக்க ஐந்து சீசாவாவது ஒதுக்கியிருக்கலாம். உதவியாளர் இதை இன்னும் விடவில்லை. குருத்தே வராத அந்த ஒன்பது கருவில் சிலவாவது தேறியிருக்கும் என்கிறார், எனக்கும் மறுக்க ஆதாரம் இல்லை.

ஹார்டனிங்குக்கு நாள் கணக்கு வைக்க மாட்டேன், இலையையும் வேரையும் பார்த்துத்தான் எடுப்பேன். செலவையும் முதலிலேயே பேசுவேன். ஒரு தென்னங்கன்றுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் சீசாவும் மின்சாரமும் ஆள்கூலியும் ஆகும் என்பதை அவரிடம் பாதியில்தான் சொன்னோம், அது நியாயமில்லை.

நட்ட ஏழில் ஒன்றைக் காண்டாமிருக வண்டு குருத்தில் துளைத்துக் கொன்றது. ஆறு நிற்கின்றன. போன மாதம் போய்ப் பார்த்தபோது இரண்டு கன்றில் முழு ஓலை கிழிந்து கீற்றாகப் பிரியத் தொடங்கியிருந்தது. காய் பார்க்க இன்னும் ஐந்தாறு வருஷம் ஆகும்.